கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் கடிதம்

என் மாமனாருடைய சாப்பாட்டறையில் பூசணி காய்த்திருந்தது.

கூரை இல்லாத அறை அது. ஒரு ஜூலை மாதக் கலவரத்தில் அந்த வீட்டை எரித்தார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, நாங்கள் இருந்த வெள்ளவத்தையிலிருந்து கொழும்பின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனைக்குப் போவேன். கதவில்லாத வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே கால் வைக்காமல் திரும்பி விடுவேன். அயலில் உள்ளவர்கள் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நான் கேட்டதுமில்லை.

அன்றைக்குக் குப்பையைக் காணவில்லை. கரி பிடித்த சுவரில் பாவற்கொடி ஏறியிருந்தது. சாப்பாட்டு மேசை கிடந்த இடத்தில் மூன்று பூசணிக்காய்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஈரம் படாமல் ஒரு ஓட்டுத்துண்டு. நடுவில் ஒரு பெண் குந்தியிருந்து, வளைந்த கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க?" என்றாள்.

"இது எங்கட வீடு."

"வீடா?" அவள் மேலே வானத்தைப் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. சட்டென்று எழும்பி, மண் அப்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க சேர். காலி நெலம்னு நெனச்சுட்டேன். நான் அடுத்த வீட்டுல ரூம் எடுத்திருக்கேன். வெதைய சும்மா மதிலுக்கு மேலால எறிஞ்சு பார்த்தேன். மொளைச்சுச்சு."

என் முகம் அவளைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். சமாதானம் செய்வதற்காக மண்ணைப் பற்றிப் பேசினாள்.

"நல்ல மண்ணு சேர். சாம்பல் நெறையக் கலந்திருக்கு. பூசணிக்குச் சாம்பல்னா உசுரு."

நான் இரசாயன ஆசிரியர். சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது என்று இருபது வருடம் கரும்பலகையில் எழுதியவன். அந்தச் சாம்பலில் என்னென்ன இருந்தன என்பதும் எனக்குத் தெரியும். மாமியாரின் தேக்கு அலுமாரி, கூறைச்சேலைகள், ஒரு ஹார்மோனியம், இரண்டு தட்டுப் புத்தகங்கள்.

போகும்போது ஒரு பூசணிக்காயைப் பிடுங்கி, ஷொப்பிங் பையில் போட்டுக் கையில் தந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மனைவி கமலா அதை வெட்டும்போது, "எங்க வாங்கினீங்கள்? நல்ல மாப்பிடிப்பான காய்" என்றாள். சந்தையில் என்றேன். தன் தாயும் தகப்பனும் சாப்பிட்ட அறையில் விளைந்த காய் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது. சின்னப் பொய்.

வந்த கடிதங்கள்

இந்த நினைவுத் தொடரில் சென்ற வாரம் எழுதிய பகுதியில், கொட்டாஞ்சேனைக் காணியை இளைஞர்கள் தோட்டம் செய்யக் கொடுத்ததைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருப்பதாக இதழாசிரியர் அனுப்பி வைத்திருக்கிறார். ஒருவர் என்னை வள்ளல் என்கிறார். கனடாவிலிருந்து ஒரு அம்மா, "உங்களைப் போன்றவர்கள் இருந்தபடியால்தான் அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அதை வாசித்ததும், இந்த வாரத்துக்கென்று எழுதி வைத்திருந்த பகுதியை எடுத்து வைத்துவிட்டேன். அது என் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியது. அது காத்திருக்கலாம். எனக்கு எண்பத்து மூன்று வயது. இது காத்திருக்க முடியாது.

மகேஸ்வரி

அவள் பெயர் மகேஸ்வரி. அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்போது இருபத்து நான்கு வயது இருக்கும். உயர்தரத்தில் விவசாயம் எடுத்து, கம்பஸுக்குச் சில புள்ளிகளால் தவறியவள். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சிறுவர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தாள்.

"லயத்து வீட்டுக்குப் பின்னால எங்கப்பாவுக்கு ஒரு பாய் அகலத்துக்குத் துண்டு இருந்துச்சு சேர்" என்று ஒருநாள் சொன்னாள். "அதுலயே போஞ்சி, லீக்ஸ், நோக்கோல் எல்லாம் போடுவாரு. தொரை பார்த்துட்டு, வேலைக்கு வராம இதைச் செய்யறியான்னு பிடுங்கிப் போட்டுருவாரு. அப்பா மறுபடி நடுவாரு. இங்க பாருங்க, எவ்வளவு எடம்! ஒருத்தரும் பிடுங்கவும் வர மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை நிற்கிறது.

காணியை அவளுக்குக் கொடுத்தேன் என்று சொல்வது மிகை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். குப்பைக்காகப் போய் மாநகரசபையில் நிற்கும் தொல்லை எனக்கு இல்லாமல் போனது.

ஆறு மாதத்தில் அது ஒரு வகுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து வெளியே வருகிற நேரம். முகத்துவாரத்திலிருந்து துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள், கொட்டாஞ்சேனைக் கடைகளில் நின்ற பொடியள், வடக்கிலிருந்து வந்து லொட்ஜ்களில் அடைந்து கிடந்த மூன்று நான்கு பேர். எல்லாருமாகப் பன்னிரண்டு பேர். பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயது.

அந்த வயதில் ஒரு தமிழ்ப் பிள்ளை சந்தியில் நிற்க முடியாத காலம். வீட்டுக்குள் இருந்தாலும், ஏன் வேலைக்குப் போகவில்லை என்று பொலிஸார் வந்து கேட்பார்கள். மகேஸ்வரி வகுப்புக்கு ஆள் சேர்த்தது இதை வைத்துத்தான்.

"சும்மா நின்னா பிடிப்பாங்க. மம்பட்டியோட நின்னா, மாளிகாவத்தை எந்தப் பக்கம்னு வழி கேட்டுட்டுப் போவாங்க. வாங்கடா."

அரிசிச் சாக்கும் பெயின்ட் வாளியும்

நான் சில ஞாயிறுகளில் போய் ஒரு கொங்கிறீற்றுத் துண்டில் உட்கார்ந்து பார்ப்பேன். இருபது வருடம் வகுப்பெடுத்தவனுக்கு, நல்ல வகுப்பு எது என்று தெரியும்.

அவள் கரும்பலகை வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் எல்லாரையும் மண்ணை அள்ளி முகரச் சொன்னாள்.

நஸீர் என்று ஒரு பொடியன். முகத்துவாரத்தில் வாப்பா மீன் ஏற்றும் லொறி ஓட்டினார். பதினேழு வயது, வாய் ஓயாது. முகர்ந்துவிட்டு, "எங்கட லொறி மாதிரி நாறுது டீச்சர்" என்றான்.

"அப்படின்னா காத்து போகல. கிளறு. லொறியையும் கழுவச் சொல்லு வாப்பாவ."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு கிழமை கழித்து அதே மண்ணை அவனிடம் கொடுத்தாள். முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான். மழை பெய்து ஓய்ந்த மண்ணின் மணம் என்று நானும் பக்கத்திலிருந்து உணர்ந்தேன்.

அரிசிச் சாக்கில் கத்தரி, பெயின்ட் வாளியில் மிளகாய், உடைந்த குளிக்கும் தொட்டியில் கங்குன் கீரை. சந்தையில் கழித்த கோவா இலைகளைப் பொடியள் தள்ளுவண்டியில் கொண்டு வருவார்கள். காணி நிறைந்ததும், மொட்டை மாடிகளைக் கணக்கெடுக்க அனுப்பினாள். எந்த மாடியில் எத்தனை மணித்தியாலம் வெயில் விழுகிறது, தண்ணீர்த் தாங்கி எங்கே இருக்கிறது, யார் சொந்தக்காரர். இருவர் இருவராகப் போய்க் கேட்டு, பெரிய பிறிஸ்டல் போர்டில் வரைந்து கொண்டு வந்தார்கள். துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மாடிகள் எல்லாம் அதில் இருந்தன. பச்சைப் பேனா, சிவப்புப் பேனா, மிகவும் நேர்த்தியான வேலை. நானே மெச்சினேன்.

யுத்த காலத்தில் துறைமுகத்தருகே மாடிகளை வரைபடம் போடுவது எப்படித் தோன்றும் என்று எனக்குப் படவில்லை. படித்த மனிதன் நான். எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஊதா முத்திரை

எனக்குப் பட்டது வேறொன்று. சாமான் வைக்கத் தோட்டத்து மூலையில் போட்டிருந்த கொட்டிலில் அரை மூட்டை யூரியா இருந்தது. அந்த நாட்களில் வடக்குக்கு யூரியா போக விடமாட்டார்கள். வெடிமருந்துக்குப் பயன்படும் என்பது எந்தக் காவலரணில் நிற்பவருக்கும் தெரியும். பன்னிரண்டு தமிழ் பேசும் பிள்ளைகளும் அரை மூட்டை யூரியாவும் ஒரே இடத்தில் இருப்பது சரியல்ல என்று மகேஸ்வரிக்குச் சொன்னேன். பொலிஸில் அறிவித்து ஒரு கடிதம் எடுத்து வைப்போம் என்றேன்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை. இன்று அங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை.

கடிதத்தைச் சிங்களத்தில் நானே எழுதினேன். காணி என் குடும்பத்துடையது, வகுப்பு விவசாயத்துக்கானது, உரம் இவ்வளவு, பிள்ளைகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இவை, இவர்கள் அனைவருக்கும் நான் பொறுப்பு. கீழே கையெழுத்து.

அப்போதிருந்த பொறுப்பதிகாரி ஒரு நல்ல மனிதர். குருநாகல் பக்கம் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, வயலில் வளர்ந்தவர். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் குவாட்டர்ஸில் மிளகாய்ச் செடியின் இலை சுருண்டு போகிறதே, என்ன செய்வது என்று மகேஸ்வரியிடம் கேட்டார். அவள் உடைந்த சிங்களத்தில் வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் சொன்னாள். "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மெச்சி எழுதிக்கொண்டார். பிறகு கையெழுத்து வைத்து, ஊதா மையில் முத்திரையை அழுத்தினார். மை கொஞ்சம் கூடி, ஓரத்தில் பரவியது.

வெளியே வந்ததும் மகேஸ்வரி கடிதத்தை என்னிடமே தந்தாள்.

"என் ரூம்ல கறையான் சேர். நீங்களே பத்திரமா வச்சிருங்க. நான் போட்டோக்கொப்பிய கொட்டில்ல ஆணியடிச்சு வக்கிறேன்."

வெள்ளவத்தை வீட்டில் இரும்பு அலுமாரி இருந்தது. அதற்குள் ஒரு நீல ஃபைலில் வைத்துப் பூட்டினேன்.

காகிதம் எரித்த பின்னேரம்

அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். நகரத்தில் எங்காவது பெரிய சத்தம் கேட்டால், யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குவதற்குள் காகிதங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவோம்.

ஊரிலிருந்து வந்த கடிதம், ஊரிலே எடுத்த படம், வெளிநாட்டுத் தமிழ்ப் பத்திரிகை, சில வீடுகளில் கல்யாண அழைப்பிதழ் கூட. வருகிற ஆமிக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரியாத எழுத்து எல்லாமே அவர்களுக்கு ஒன்றுதான். ஆகவே எல்லாவற்றையும் எரிப்போம். எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுதும், ஒரே நேரத்தில் எரிக்கும். கடற்காற்றில் கரித்துகள் பறந்து, கொடியில் காயப்போட்ட உடுப்புகளில் கறுப்பாக ஒட்டும். ஒழுங்கை வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவர்களுக்கு அந்த மணம் அடிக்கும். ஆனாலும் எரிப்போம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில் சத்தம் கேட்டது. பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் பக்கத்தைச் சுற்றி வளைத்தார்கள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டாம் ஒழுங்கைக்கு வந்திட்டாங்கள்" என்று கமலா ஓடி வந்தாள். "அக்காட காயிதங்கள் எங்க?"

யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா எழுதிய கடிதங்கள் நீல ஃபைலில் இருந்தன. ஒன்றில், தன் இளைய மகன் ஒருநாள் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் இன்னும் திரும்பி வரவில்லை என்று எழுதியிருந்தாள். இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்ற அர்த்தம் எந்த மொழியிலும் விளங்கும். ஃபைலை அப்படியே கொண்டுபோய் அடுப்பில் கவிழ்த்தேன்.

நெருப்பு பிடித்த பிறகுதான் ஊதா நிறத்தைக் கண்டேன்.

நெருப்புக்குள் கையை விட்டேன். இது உண்மை. ஓரத்தைப் பிடித்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுட்டன. கடிதம் வெளியே வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் கருகியிருந்தது. முத்திரை முழுதாக இருந்தது. கால் நிமிடம், அதற்கும் குறைவாக இருக்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு பெயர்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, லொட்ஜில் இருந்த ஒரு வடக்குப் பொடியனுடையது. அவன் மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. அவன் பெயருக்குக் கீழே, இவர்கள் அனைவருக்கும் நான் பொறுப்பு என்று என் கையெழுத்தில் இருந்தது.

ஆமிக்காரர் கேற்றில் துவக்கின் பிடியால் தட்டினார்கள்.

நான் விரல்களைத் திறந்தேன். கடிதம் அடுப்புக்குள் விழுந்தது.

அந்த வீட்டில் அவர்களால் வாசிக்கக் கூடியதாக இருந்த ஒரே காகிதம் அதுதான். வைத்திருந்தால் எனக்கே உதவியிருக்கும். வந்தவர்கள் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வடக்குப் பொடியன் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிநாடு போயிருந்தான் என்பது பல மாதங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. இப்போது எங்கோ பேக்கரி வைத்திருக்கிறானாம்.

வாங்கில்

அடுத்த நாள் காலை கொட்டாஞ்சேனைத் தோட்டத்தைச் சோதித்தார்கள். யூரியா, கொடி படர விடும் கம்பிச் சுருள், மாடிகளின் வரைபடம். மூன்றையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுதான் அவர்களுக்கும் தோன்றியது. வெள்ளிக்கிழமை என்றபடியால் பிள்ளைகள் இல்லை. மகேஸ்வரி மட்டும் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கொண்டு போனார்கள். ஆயுதம் புதைத்திருக்கிறதா என்று பாத்திகளை முழங்கால் ஆழத்துக்குக் கிண்டினார்கள். ஒவ்வொரு சாக்கையும் வெட்டிக் கொட்டினார்கள்.

காணிச் சொந்தக்காரன் என்று என்னை மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். போகுமுன் கமலா என் இரண்டு விரல்களுக்கும் மஞ்சள் மருந்து பூசிவிட்டாள்.

பழைய பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளையவர், தூக்கம் இல்லாத கண்கள். பக்கத்தில் போட்டிருந்த மர வாங்கில் மகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அதே சட்டை. கால் நகங்களில் இன்னும் தோட்டத்து மண் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண் கொன்ஸ்டபிள் தோளில் அழுத்தி இருத்தினாள்.

பொறுப்பதிகாரி கொட்டிலில் இருந்து எடுத்த போட்டோக்கொப்பியை மேசையில் போட்டார். மழையில் ஊறி, முத்திரை ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது.

"இப்படி ஒன்றை யாரும் செய்யலாம்" என்றார் சிங்களத்தில். "எங்கள் ஃபைலில் இதன் பிரதி இல்லை. பழைய ஐயா இப்போது திருகோணமலையில், தொடர்பு எடுக்க முடியவில்லை. ஒரிஜினல் இருந்தால் கொண்டு வாருங்கள். இன்றைக்கே இவளை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பினால் என் கையில் ஒன்றும் இல்லை."

மகேஸ்வரி முந்திக்கொண்டாள். தமிழில், என்னைப் பார்த்து, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டு.

"நான் அப்பவே சொன்னேன் சேர், ஒரிஜினல் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு. இவங்கதான் நம்பல. கொண்டு வந்திருக்கீங்கதானே?"

வராத பஸ் வந்துவிட்டதைப் பார்க்கிறவளின் முகம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காகிதம் எரித்தேன் என்று ஒரு தமிழன் பொலிஸில் சொன்னால் அடுத்த கேள்வி, வேறு என்ன எரித்தாய் என்பது. பிறகு அக்கா, அக்காவின் மகன். என்னையும் அந்த வாங்கில் இருத்தியிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். நான் ஐம்பது வயது ஆசிரியர், நல்ல சிங்களம் பேசுபவன், அந்த அதிகாரி என்னை இருக்கச் சொல்லிக் கதிரை தந்திருந்தார். எனக்கு எழுதி வாங்கிக்கொண்டு விடவும் கூடும். முயன்று பார்க்கவில்லை என்பதால் எனக்குத் தெரியாது.

"அந்தக் கடிதத்தை நான் அப்போதே இந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்" என்றேன் சிங்களத்தில். நல்ல, சுத்தமான சிங்களம். "என்னிடம் இல்லை."

அவளுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கி, மேசை விளிம்பில் இருந்த என் கையில் வந்து நின்றது. மஞ்சள் மருந்து பூசிய இரண்டு விரல்கள். நான் கையை மடக்கினேன்.

"ஓவ் சேர்" என்றாள் அதிகாரியிடம். "மம தமய் நெத்தி களே."

ஓம் சேர், நான்தான் தொலைத்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். கடிதம் கிடைத்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேற்றுக்கு வெளியே

ஒன்றரை வருடம் உள்ளே இருந்தாள். குற்றச்சாட்டு எதுவும் பதியாமல் விட்டார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. கமலா இரண்டு தடவை சவர்க்காரமும் பிஸ்கற்றும் அனுப்பினாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கமலா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

விட்ட பிறகு மகேஸ்வரி வெள்ளவத்தைக்கு ஒரு காலையில் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேற்றுக்கு வெளியே, ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமயிர் கொட்டியிருந்தது. இடது கையைப் பாவிக்காமல் எல்லாவற்றையும் வலது கையால் செய்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ஊருக்குப் போறேன் சேர். சொல்லிட்டுப் போகலாம்னு."

"மகேஸ்வரி, அந்தக் கடிதம்..."

"எனக்குத் தெரியும் சேர்." குரலைத் தாழ்த்தினாள். தெருவில் யாரும் இல்லை, ஆனாலும் தாழ்த்தினாள். "அன்னைக்கே உங்க கையைப் பார்த்தேன். அவசரத்துல எரிச்சிருக்கீங்க. அப்புறம் தெரிஞ்சு, நெருப்புக்குள்ள கையை விட்டு எடுக்கப் பார்த்திருக்கீங்க. கை இப்படி வெந்துபோற அளவுக்கு எங்களுக்காகப் பார்த்த மனுஷன காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல. எப்படியும் என்னை வச்சிருக்கத்தான் போறாங்க. ரெண்டு பேரு எதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன்.

"கஷ்டப்படாதீங்க சேர். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். கடிதம் கையில் வந்தது பிள்ளை, நான்தான் விட்டேன் என்று ஐந்தாறு சொல்லில் முடிந்திருக்கும். அவள் என்னைத் திட்டியிருப்பாள், அல்லது திட்டாமல் போயிருப்பாள். எதுவானாலும், தான் எதற்காக ஒன்றரை வருடம் கொடுத்தாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கவனமாப் போ பிள்ளை" என்றேன்.

பையிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்துத் தந்தாள். கழுவிய சிறிய போத்தல். உள்ளே பூசணி விதை. தடுப்பில் இருந்தபோது சாப்பாட்டில் வந்த கறியிலிருந்து எடுத்துக் கழுவிக் காய வைத்ததாம். வெந்த விதை முளைக்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஏன் சேர்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஊரில் அவளுக்கு ஒரு பள்ளியிலும் வேலை கொடுக்கவில்லை. உள்ளே இருந்து வந்தவள் என்றால் யார் கொடுப்பார்? வீட்டு வேலைக்கென்று அரபு நாட்டுக்குப் போனாள். மூன்று வருடம் நஸீருக்குக் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இறந்துவிட்டாள் என்றான் ஒருவன். கண்டி பஸ் நிலையத்தில் கண்டேன் என்றான் இன்னொருவன். எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை.

கொட்டாஞ்சேனைக் காணியை விற்றுவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஆறு மாடிக் கட்டிடம்.

போன ஞாயிறு

நஸீருக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. முகத்துவாரத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான சேரிக் குடியிருப்புகளுக்கு நடுவே, கழிவுத் தண்ணீர் தேங்கி நின்ற ஒரு துண்டு நிலத்தைத் துப்புரவாக்கி, இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறான். மண்ணை முகரச் சொல்லித்தான் தொடங்குகிறானாம். போதைத் தூள் விற்கப் போன நாலைந்து பேரை மண்வெட்டிக்குத் திருப்பியிருக்கிறான் என்று அங்குள்ள பாதிரியார் எனக்குச் சொன்னார். வருடத்தில் இரண்டு தடவை எனக்குக் கத்தரிக்காயும் கங்குனும் கொண்டு வருவான்.

போன ஞாயிறும் வந்தான். கையில் சென்ற வாரத்து இதழ்.

"சேர், தோட்டத்தைப் பத்தி எழுதி ஈக்கிறீங்க, ஆனா டீச்சர்ட பேரையே போடல்லயே!" என்று கோபித்துக்கொண்டான். பிறகு தானே சிரித்தான். "நான் ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே டீச்சர்ட கதையத்தான் செல்லுற."

"என்ன சொல்லுவாய்?"

"எல்லாம் செல்லுவேன். பூசணி, சாக்கு, லொறி நாத்தம். கடைசில இதையும் செல்லுவேன். டீச்சருக்கு எல்லாம் தெரியும், ஒண்டே ஒண்டுதான் தெரியா. காயிதத்தைப் பத்திரமா வைக்கத் தெரியா. பொலிஸ் குடுத்த கடிதத்தைத் தொலைச்சிப் போட்டு ஒன்றரை வருசம் உள்ள ஈந்தா. அதால நீங்க ஐடென்டிடி கார்ட், சேர்ட்டிபிகேட் எல்லாத்தையும் கவனமா வைங்கோ எண்டு. பிள்ளைகள் நல்லாக் கேக்கும் சேர்."

அவன் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவனுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். இத்தனை வருடமாக, முகத்துவாரத்தில் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளும் மகேஸ்வரி டீச்சரிடமிருந்து படிக்கும் பாடங்களில் ஒன்று, அவளுடைய கவனக்குறைவு.

அவன் போன பிறகு பைக்குள்ளிருந்து கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். அந்த இரண்டு விரல்களின் நுனியிலும் எனக்குத் தொடுவுணர்வு குறைவு. தோல் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். பேனா பிடிக்கப் பழகிவிட்டது.

நஸீர், இந்த இதழையும் நீ வாங்குவாய். வரும் ஞாயிறு பிள்ளைகளை உட்கார வைத்து, இதை முழுதாக வாசித்துக் காட்டு. என் பெயரையும் சொல்லு. வாசித்து முடிந்த பிறகு கத்தரிக்காய் கொண்டு வருவதா இல்லையா என்பது உன் விருப்பம்.

மகேஸ்வரி டீச்சர் எந்தக் கடிதத்தையும் தொலைக்கவில்லை.